சித்திரக்கதைத் தமிழும் எல்லையோர வாசகரும்: முத்து, லயன் இதழ்களின் மொழிபெயர்ப்பு நடை – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

தமிழில் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் காவியம், புதினம், சமயநூல், அறிவியல்நூல், ஆட்சித்துறை ஆவணம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டுள்ளன. சிறுவர்களும் இளைஞர்களும் விரும்பிப் படித்த சித்திரக்கதை இதழ்கள் இவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி ஆகிய மொழிகளில் தோன்றிய கதைகளைத் தமிழில் இடைவிடாது தந்த பெரிய மொழிபெயர்ப்பு முயற்சிகளுள் இவ்விதழ்களும் அடங்கும். சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் ஆகிய இரண்டும் இவற்றுள் நெடுங்காலம் நிலைத்தவை.

இவ்விதழ்களின் வளர்ச்சியைப் பற்றி வாசகர்கள் எழுதியவை பல. அவை பெரிதும் நினைவேக்கத்தால் எழுதப்பட்டவை. மொழிநடை அவற்றில் ஆராயப்படவில்லை. இக்கட்டுரை அந்நடையை எடுத்துக்கொள்கிறது. மதிப்பீட்டிற்கான அளவுகோலாகச் சென்னை, மதுரை வாசகர் கொள்ளப்படவில்லை. சித்தூர், புத்தூர், நகரி, குப்பம் போன்ற எல்லையோர ஊர்களின் தமிழ் வாசகர் கொள்ளப்படுகிறார். 1911இல் வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவான சித்தூர் மாவட்டம், மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது ஆந்திரத்தில் அமைந்தது. அதிலிருந்து திருத்தணி 1960இல் சென்னை மாநிலத்திற்கு மாறியது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் மாறினாலும் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் அல்லது ஆங்கிலமும் என்னும் நிலை அங்குத் தொடர்கிறது.

இவ்வாசகர் இதழாசிரியர்கள் மனத்தில் கொண்ட வாசகர் அல்லர். எனினும் அவரை அளவுகோலாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பாடநூலின் துணையின்றி எழுத்துத் தமிழை அடைய வேண்டிய ஒருவருக்குப் படமும் சொல்லும் இணைந்த சித்திரக்கதை இயல்பான வாயில். அவ்வாயில் எவ்வளவு அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைக் கொண்டு அந்நடையின் வலிமையையும் குறையையும் தெளிவாகக் காணலாம்.

1. இதழ்களின் வளர்ச்சி

முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் மு. சௌந்திரபாண்டியனால் தொடங்கப்பெற்றது. அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இது பிரிட்டனில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் தமிழாக்கம். தொடக்கக் காலத்தில் இதழின் ஆசிரியப் பணியில் முல்லை தங்கராசன் ஈடுபட்டார். வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, காரிகன் முதலிய அமெரிக்க நாளிதழ்ப் படத்தொடர்களின் நாயகர்கள் இவ்விதழ் வழித் தமிழ் வாசகர்க்கு அறிமுகமாயினர்.

1984 ஜூலையில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டோனல் 1963இல் படைத்த மாடஸ்டி பிளைசி என்னும் பெண் பாத்திரத்தைக் கொண்டு ஒரு சிறுவர் இதழ் தொடங்கியது துணிவான செயலே. அதே மாதத்தில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வெளிவரத் தொடங்கி, 2005 வரை நீடித்தது. லயனில் ஸ்பைடர், ஆர்ச்சி ஆகிய பிரிட்டானிய நாயகர்கள் முதலில் செல்வாக்குப் பெற்றனர். பின்னர் இத்தாலியின் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் லக்கி லூக், ‘இரத்தப் படலம்’ என்னும் பெயரில் வெளிவந்த பதின்மூன்று என்னும் எண்ணைப் பெயராகக் கொண்ட தொடர் ஆகியவை இடம்பெற்றன. பிரெஞ்சு மொழித் தொடரான ‘புளூபெரி’ முத்து காமிக்ஸில் ‘கேப்டன் டைகர்’ ஆயிற்று.

தொலைக்காட்சி பரவிய பின் இதழ்கள் ஒழுங்கின்றி வெளிவந்த காலமும் உண்டு. 2010இல் ‘இரத்தப் படல’த்தின் பதினெட்டுப் பாகங்கள் ஒரே தொகுப்பாகக் கறுப்பு வெள்ளையில் வந்தன. 2012இல் வெளிவந்த மறுவருகைச் சிறப்பிதழிலிருந்து ஐரோப்பிய ஆல்பங்களின் அளவும் வண்ணமும் வழுவழுப்பான தாளும் வழக்கமாயின. கடைவிற்பனையின் இடத்தைச் சந்தாவும் புத்தகக் காட்சியும் பெரிதும் பெற்றன. சுருங்கக்கூறின், கடையில் தொங்கிய சிறுவர் இதழ் நாற்பதாண்டில் சேமிப்பாளர்களின் நூலாக மாறியது. மொழிநடையை மதிப்பிடுகையில் இம்மாற்றத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

2. பெயர்களும் தலைப்புகளும்

இவ்விதழ்களில் பெயர்கள் மூன்று வழிகளில் தமிழாகியுள்ளன. முதலாவது, ஒலிபெயர்ப்பு: டெக்ஸ் வில்லர், ரிப் கிர்பி, லக்கி லூக். இரண்டாவது, பொருள்வழி ஆக்கம்: இரும்புக்கை மாயாவி, வேதாளர். மூன்றாவது, பதிலீடு: புளூபெரி என்பதற்குக் கேப்டன் டைகர், ரிக் ஹோஷே என்பதற்கு ரிப்போர்டர் ஜானி.

இவற்றுள் இரண்டாம் வழியே மொழியியலார் கவனத்திற்குரியது. ஆங்கில மூலத்தின் தலைப்பு நாயகனின் எஃகு நகத்தை மட்டும் சுட்டுகிறது. மின்சாரம் உடலில் பாய்ந்தவுடன் அவன் மறைந்துவிட, உலோகக் கை மட்டும் தெரியும் என்பது கதையின் அடிப்படை. தமிழ்த் தலைப்பு கையையும் மறைதலையும் ஒருசேரத் தருகிறது. ‘மாயாவி’ என்னும் வடசொல் இராமாயண மரபில் வஞ்சம் புரியும் அசுரனைக் குறிப்பது. வாலியோடு பொருத அசுரன் ஒருவனின் பெயரும் அதுவே. தமிழில் ‘மாயமாய் மறைதல்’ என்னும் வழக்கு வலுவாக இருப்பதால் அச்சொல் மறைபவன் என்னும் பொருளுக்கு எளிதில் நகர்ந்தது. இது நல்ல மொழிபெயர்ப்பு. மூலச் சொல்லை விட்டுக் கதைப்பொருளைப் பற்றிக்கொண்டதே இதன் சிறப்பு.

‘வேதாளர்’ இன்னும் நுட்பமானது. விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளம் அஃறிணை. 1947 ஜூலையில் நாகி ரெட்டி, சக்கரபாணி ஆகியோர் தெலுங்கில் ‘சந்தமாமா’ என்றும் தமிழில் ‘அம்புலிமாமா’ என்றும் ஒருங்கே தொடங்கிய மாத இதழ் அக்கதைச் சட்டகத்தை இரு மொழிச் சிறுவர்க்கும் நன்கு அறிமுகப்படுத்தியிருந்தது. லீ பால்க் 1936இல் படைத்த முகமூடி நாயகன் இறவாத ஆவியென மக்களால் நம்பப்படுபவன். வேதாளம் என்னும் சொல்லின் ஈற்றை நீக்கி ‘அர்’ விகுதி சேர்த்ததால் அச்சமும் மதிப்பும் ஒரே சொல்லில் அமைந்தன. திணைமாற்றத்தையும் உயர்வையும் ஒரு விகுதியால் பெற இயன்றது தமிழின் இயல்பால். அதைக் கண்டுகொண்டது மொழிபெயர்ப்பாளரின் திறத்தால். ராணி காமிக்ஸ் இதே நாயகனை ‘மாயாவி’ என்றழைத்தது. இதனால் ஒரு சொல் இரு இதழ்களில் இரு வேறு நாயகர்களைக் குறிக்கலாயிற்று. கலைச்சொல்லாக்கத்தில் தரப்படுத்தம் இல்லாதபோது நேரும் குழப்பத்திற்கு இது எளிய சான்று.

பதிலீட்டு முறையில் இலாபமும் இழப்பும் உண்டு. ‘புளூபெரி’ தமிழ் வாசகர் அறியாத ஒரு சிறு பழத்தின் பெயர். போர்வீரன் ஒருவனுக்கு அது பொருந்தாப் பெயராக ஒலித்திருக்கும். ‘டைகர்’ வேற்றுச்சொல்லாயினும் அனைவரும் அறிந்தது. ஆனால், நாயகன் தன் உண்மைப் பெயரை மறைக்க வேண்டிய நேரத்தில் கண்ணெதிரே இருந்த பழப்புதரைக் கண்டு அப்பெயரைச் சூடிக்கொண்டான் என்பது மூலத்தில் வரும் செய்தி. பெயர் மாறியபின் இச்செய்தி தன் காரணத்தை இழந்துவிடுகிறது. தொடர்கதையில் பெயரை மாற்றுபவர் பிற்காலப் பாகங்களுக்கும் சேர்த்தே கடன்படுகிறார் என்பது இதனால் பெறப்படும்.

நகைச்சுவைப் பெயர்களில் இழப்பு இருமடங்காகிறது. லக்கி லூக் தொடரில் வரும் மந்தபுத்தி நாயின் பிரெஞ்சுப் பெயர் ரான்டான்பிளான். இது திரைப்பட நாயான ரின் டின் டின்னின் பெயரைக் கேலி செய்கிறது. ஆங்கிலத்தில் அது தகரக் குவளையை நினைவூட்டும்படி ‘ரின் டின் கேன்’ ஆயிற்று. தமிழ் அவ்வாங்கிலப் பெயரை அப்படியே ஏற்றது. மூலத்தின் கேலியும் ஆங்கிலத்தின் சிலேடையும் தமிழ் வாசகரை எட்டாமல், ஒலிநயம் மட்டும் எஞ்சியது.

தலைப்புகளில் இதழ்கள் தமிழ் மரபை நன்கு பயன்படுத்தியுள்ளன. ‘எத்தனுக்கு எத்தன்’ மக்கள் வழக்குத் தொடர். குற்றவாளிகளின் அரசனாக விழையும் ஸ்பைடருக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பைக் காண்பது கடினம். ‘தலைவாங்கிக் குரங்கு’ என்பதில் வினையடியாகப் பிறந்த பெயர் அடையாக நிற்கிறது. ‘இரத்தப் படலம்’ என்பதில் கம்பராமாயணத்தின் உட்பிரிவுப் பெயரான ‘படலம்’ இருபதாம் நூற்றாண்டின் அரசியல் சதிக்கதைக்குக் காவியத் தோற்றம் தருகிறது. உரோம எண் மட்டுமே கொண்ட மூலத் தலைப்பு தமிழில் பொருளற்றிருக்கும் என உணர்ந்து செய்த தேர்வு இது.

3. பேச்சுக் குமிழும் இரட்டை வழக்கும்

சித்திரக்கதையில் உரைப்பகுதி பெரும்பாலும் பாத்திரங்களின் பேச்சு. பேச்சை எழுதும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் உடனே எதிர்கொள்வது இரட்டை வழக்குச் சிக்கல். பெர்குசன் 1959இல் இக்கருத்தாக்கத்தை வகுத்தபின் தமிழ் அதற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகப் பலராலும் ஆராயப்பட்டது. பிரான்சிஸ் பிரிட்டோவின் 1986ஆம் ஆண்டு நூல் இதில் குறிப்பிடத்தக்கது. புதின ஆசிரியர் எடுத்துரைப்பை எழுத்து வழக்கிலும் உரையாடலைப் பேச்சு வழக்கிலும் அமைத்துச் சிக்கலிலிருந்து தப்பலாம். சித்திரக்கதையில் எடுத்துரைப்புக்கு உள்ள இடம் சட்டத்தின் மூலையிலுள்ள சிறு பெட்டி மட்டுமே. எனவே உரையாடலுக்கு எவ்வழக்கைத் தேர்ந்தாலும் இதழின் முழு நடையும் அதுவாகிவிடுகிறது.

முத்து, லயன் இதழ்களின் வீரசாகசக் கதைகள் பெரும்பாலும் எழுத்து வழக்கையே மேற்கொண்டன. வினைமுற்றுகள் முழுமையாக நிற்கும். இடையிடையே ‘அட’, ‘அடடா’, ‘ஐயோ’ போன்ற வியப்பிடைச் சொற்கள் பேச்சின் சாயலைத் தரும். இதனைச் செயற்கை என்று குறைகூறுவது எளிது. துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே நிறைவுபெற்ற வாக்கியம் பேசும் கௌபாய், பேராசிரியரைப் போலவே ஒலிக்கிறான்; கொள்ளையனும் நீதிபதியும் ஒரே மொழி பேசுகின்றனர். மூலத்தில் வேறுபட்டு ஒலிக்கும் குரல்கள் தமிழில் ஒரு குரலாகக் குறுகுகின்றன. இக்குறை உண்மையானதே.

ஆனால், எல்லையோர வாசகரை முன்னிறுத்தினால் வேறொரு தோற்றம் கிடைக்கிறது. தமிழின் பேச்சு வழக்கு ஒன்றன்று. ‘பேச்சுத் தமிழில் எழுதுதல்’ என்பது நடைமுறையில் சென்னை, மதுரை, கோவை, நெல்லை ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்வதாகவே முடியும். தெலுங்குச் சொற்களும் இசையும் கலந்த சித்தூர்த் தமிழைப் பேசும் ஒருவருக்குச் சென்னைப் பேச்சு எழுத்துத் தமிழைக் காட்டிலும் அயன்மையானதாக இருக்கக்கூடும். எழுத்து வழக்கு எவருடைய வீட்டு மொழியும் அன்று. அதனாலேயே அது எல்லோருக்கும் சமத்தொலைவில் நிற்கிறது.

தெலுங்குடன் ஒப்பிட்டால் இது மேலும் விளங்கும். கிடுகு ராமமூர்த்தி முன்னின்று நடத்திய வழக்குமொழி இயக்கத்தின் பயனாகத் தெலுங்கின் எழுத்துமொழி படித்தவர் பேச்சை நெருங்கிவந்தது. 1952 முதல் 1980 வரை ‘சந்தமாமா’வின் ஆசிரியப் பணியில் இருந்த கொடவடிகண்டி குடும்பராவ் அவ்வழக்கை எளிய, தெளிந்த நடையாக்கினார். ‘அம்புலிமாமா’வின் கதைகள் தெலுங்கிலிருந்து தமிழாக்கப்பட்டவையாயினும், தமிழில் அவை எழுத்து வழக்கின் உடையையே உடுத்தன. ஆகவே, இரு மொழிப் பதிப்பும் புழங்கும் வீட்டில் ஒரே கதை தெலுங்கில் பேச்சுக்கு அணித்தாகவும் தமிழில் பேச்சினின்று விலகியும் நிற்கும். இரு மொழிகளின் எழுத்து வரலாறு வேறுபட்டதே இதற்குக் காரணம். தமிழ் மொழிபெயர்ப்பாளரின் திறக்குறை காரணமன்று.

நகைச்சுவைத் தொடர்களில் நிலைமை மாறுகிறது. லக்கி லூக், சிக் பில் போன்றவற்றில், குறிப்பாக 2012க்குப் பிந்தைய இதழ்களில், பேச்சு வழக்கு மிகுதியாக இடம்பெறுகிறது. சிரிப்பு வட்டாரத்தைச் சார்ந்தது. எழுத்து வழக்கில் நகைச்சுவை உறைந்துவிடும். ஆதலால் இத்தேர்வு நியாயமானதே. எனினும் திரைப்பட நகைச்சுவையின் சொல்லாட்சிகளைச் சார்ந்து எழுப்பும் சிரிப்பு அத்திரைப்படங்களோடு பழையதாகிவிடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மறுபதிப்புக்குரிய நூலில் இது சிறிய சிக்கலன்று.

4. நீ, நீர், நீங்கள்

ஐரோப்பியக் கதைகள் பெரும்பாலும் ஆங்கில வழியாகத் தமிழை அடைகின்றன. இடைமொழியால் நேரும் இழப்புகளுள் முன்னிலைப் பெயரே மிகப் பெரிது. பிரெஞ்சில் நெருக்கத்திற்கும் மதிப்பிற்கும் இரு வேறு முன்னிலைப் பெயர்கள் உண்டு. இத்தாலி மொழியிலும் அவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் அது இல்லை. தமிழில் ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றோடு இடைப்பட்ட ‘நீர்’ என்பதும் உண்டு. தெலுங்கிலும் இத்தகைய பாகுபாடு வலுவானது. ஆக, மூலத்தில் இருந்த வேறுபாடு ஆங்கிலத்தில் மறைந்து, தமிழில் மீண்டும் தேவைப்படுகிறது. ஆங்கிலப் பனுவலை மட்டும் கையில் வைத்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்: வயது, உடை, நிற்கும் தொலைவு, முகக்குறிப்பு ஆகியவையே அவருக்குச் சான்று.

‘இரத்தப் படல’த்தின் நாயகன் நினைவிழந்தவன். கடற்கரையில் கிடந்த அவனைக் காப்பாற்றும் முதிய தம்பதியர் இறந்த தம் மகனின் பெயரால் அவனை அழைக்கின்றனர். அவன் யார் என்பதே பல பாகங்களுக்கு நீளும் வினா. இத்தகைய கதையில் எதிர்ப்படும் ஒருவர் அவனை நெருக்கத்தோடு விளிக்கிறாரா, மதிப்போடு விளிக்கிறாரா என்பது நடைசார்ந்த அழகு மட்டுமன்று. அவர் அவனை முன்பே அறிவாரா என்பதற்கான தடயமும் ஆகும். ஆங்கிலம் அத்தடயத்தை அழித்துவிடுகிறது. தமிழ் ‘நீ’ என்றால் ஒரு தடயத்தையும் ‘நீங்கள்’ என்றால் வேறொன்றையும் தானே உருவாக்கிவிடும். நடுநிலை என்பது தமிழுக்கு வாய்க்காது. எனவே இவ்வகைத் தொடர்களுக்கேனும் பிரெஞ்சு மூலத்தோடு ஒப்பிட்டுச் செம்மை செய்தல் இன்றியமையாதது. ஆங்கில மொழிபெயர்ப்பு எத்துணைச் சிறந்ததாயினும் இதில் உதவாது.

படர்க்கையிலும் இதே நிலை. விவரணைப் பெட்டியில் நாயகனை ‘அவன்’ என்பதா ‘அவர்’ என்பதா? பெயரிலேயே உயர்வு விகுதி பெற்ற வேதாளருக்கு ‘அவர்’ என்பதே இயையும். வேறு நாயகர்க்கு இவ்வுறுதி இல்லை. நாயகியரைப் பற்றிய விவரணையில் ‘அவள்’ என்பதே பெருவழக்கு. ஒத்த நிலையிலுள்ள ஆண் அதிகாரிக்கு ‘அவர்’ என்றும் பெண் அதிகாரிக்கு ‘அவள்’ என்றும் அமையுமிடத்து மூலத்தில் இல்லாத ஓர் ஏற்றத்தாழ்வு மொழிபெயர்ப்பில் புகுகிறது. இது இவ்விதழ்களுக்கு மட்டும் உரிய குறையன்று; தமிழ் இதழியல் முழுமைக்கும் பொதுவானது.

5. ஒலிக்குறிப்பும் தொடரமைப்பும்

ஒலிக்குறிப்புச் சொற்களில் சித்திரக்கதை தமிழுக்குப் புதியதொரு வாய்ப்பைத் தந்தது. உரைநடையில் ஒலிக்குறிப்பு தனித்து நில்லாது. ‘என’ அல்லது ‘என்று’ என்னும் இடைச்சொல்லின் துணை வேண்டும்: படாரென்று சாத்தினான், சலசலவென ஓடியது. தெலுங்கிலும் இதற்கொத்த அமைப்பு உண்டு. சித்திரக்கதையிலோ ‘டுமீல்’, ‘டமால்’, ‘தடால்’ என்பன வாக்கியத்திற்கு வெளியே, படத்தின் பகுதியாக நிற்கின்றன. ‘என்று’ என்பதன் பணியைப் படமே செய்துவிடுகிறது. வாக்கியத்தின் பிடியிலிருந்து ஒலிக்குறிப்பு விடுபட்டது இவ்வடிவத்தால் நிகழ்ந்த மாற்றம்.

ஒலியனியல் நோக்கிலும் இவை ஆராயத்தக்கவை. டகரம் மொழிமுதலாகாது என்பதும் வல்லெழுத்து மொழியிறுதியாகாது என்பதும் மரபிலக்கணம். ‘டுமீல்’ முதல் விதியை மீறி இறுதியில் மரபைப் பேணுகிறது. ‘டக்’, ‘டப்’ இரண்டையும் மீறுகின்றன. ‘க்ரீச்’ மெய்ம்மயக்கத்தையும் மொழிமுதலில் கொண்டுவருகிறது. எனினும் துப்பாக்கி ஒலிக்கு ஆங்கிலக் குறிப்பை ஒலிபெயர்க்காமல் ‘டுமீல்’ என்பது நிலைபெற்றதும், அதன் நெட்டுயிரும் லகர ஈறும் ஒலியின் எதிரொலிப்பைக் காட்டுவதும் பாராட்டத்தக்கன. மூல ஓவியத்தோடு ஒட்டி வரையப்பட்ட அயல் ஒலியெழுத்தை நீக்கித் தமிழில் எழுதுவது கூடுதல் உழைப்பைக் கோரும். அவ்வுழைப்பைத் தவிர்த்த இடங்களில் வாசகர் படம் தமிழிலும் ஒலி ஆங்கிலத்திலும் உள்ள ஒரு பக்கத்தைக் காண்கிறார். இரண்டாம் மொழியாகத் தமிழெழுத்தைக் கூட்டிப் படிப்பவர்க்கு எளிதில் கைவரும் சொற்கள் இவ்வொலிக்குறிப்புகளே. அவற்றை இழத்தல் கற்றல் நோக்கில் வீணிழப்பு.

இடநெருக்கடி மற்றொரு கட்டுப்பாடு. ஆங்கிலக் குமிழ்களில் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் அமைகின்றன. தமிழெழுத்துகளுக்கு மேல்விலங்கும் கீழ்விலங்கும் உண்டு. சொற்களும் விகுதிகள் ஏறி நீள்கின்றன. ஆயினும் இடத்தைச் சிக்கனப்படுத்தும் வழியும் தமிழிடமே உள்ளது. வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதால் எழுவாயை விடலாம். சூழல் தெளிவாயின் செயப்படுபொருளையும் விடலாம். ‘நான் உன்னைக் கொன்றுவிடுவேன்’ என்னும் மூன்று சொற்களின் வேலையைக் கைத்துப்பாக்கி ஏந்திய படத்தருகே ‘கொன்றுவிடுவேன்’ என்னும் ஒரு சொல்லே செய்யும். நல்ல தமிழாக்கங்கள் இவ்வியல்பைப் பயன்படுத்தியுள்ளன. எழுவாயை விடாது தாங்கிய தமிழாக்கங்களில் குமிழ் நிரம்பி வழிகிறது.

தொடர்வரிசையும் இவ்வாறே. ஆங்கிலத்தில் முதன்மைத் தொடர் ஒரு குமிழிலும் நிபந்தனை அடுத்த குமிழிலும் வரலாம். தமிழில் நிபந்தனை எச்சம் முன்னும் முற்று பின்னும் வருதல் இயல்பு. இரு குமிழ்களுக்கும் இடையே எதிராளியின் முகமாற்றம் வரையப்பட்டிருப்பின் வரிசையை மாற்ற இயலாது. அப்போது ‘எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்...’ என்று முதற்குமிழிலும் ‘... என்னை விட்டுவிட்டால்!’ என்று அடுத்ததிலும் எழுத நேரும். எழுத்து வழக்கில் அருகிய இப்பின்னடுக்கு அமைப்பு பேச்சில் பெருவழக்கு. சொல்வடிவில் எழுத்து வழக்கையும் தொடரமைப்பில் பேச்சு வழக்கையும் கொண்ட கலவை நடையாகச் சித்திரக்கதைத் தமிழ் அமைந்தது இவ்வாறே. அதன் உண்மையான தனித்தன்மை இக்கலவையில் உள்ளது.

6. இதழின் சொந்தக் குரல்

கதைகளின் நடைக்கும் இதழின் சொந்த நடைக்கும் இடையே உள்ள வேறுபாடு குறிப்பிடத்தக்கது. விஜயன் எழுதும் ‘ஹாட்லைன்’ பகுதி வாசகரோடு நேர்நின்று பேசும் இயல்பினது. வாசகர் குழாம் ஒன்று பல்லாண்டாகக் கலையாதிருந்ததற்கு அப்பகுதியின் அணுக்கத் தொனி முக்கியக் காரணம் எனலாம். ஆனால் அதில் ஆங்கிலச் சொற்கள் செறிந்துள்ளன. சிறப்பிதழ்களின் பெயர்களும் பெரும்பாலும் ஆங்கிலமே. ‘இரத்தப் படலம்’, ‘மின்னும் மரணம்’, ‘தங்கக் கல்லறை’ என்று கதைக்குப் பெயர்சூட்டத் தெரிந்த இதழ், தன் தொகுப்புகளுக்கு ஆங்கிலத்தை நாடுவது ஏன்?

விடை வாசகர் மாற்றத்தில் உள்ளது. 1972இலும் 1984இலும் சிறுவராயிருந்தவர்களே இன்று சந்தாதாரர்களாக உள்ளனர். இதழ் அவர்களோடு சேர்ந்து முதிர்ந்தது. கதைத்தேர்வும் விலையும் மொழியும் முதிர்ந்தன. வயதுவந்த, ஆங்கிலம் அறிந்த, நகர்ப்புற வாசகரின் அன்றாட உரையாடல் மொழியே ஆசிரியர் பகுதியின் மொழி. அக்குழுவிற்கு அது இயல்பானது. கைக்காசுக்கு இதழ் வாங்கித் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் சிறுவர்க்கு, எல்லைக்கு இப்பாலாயினும் அப்பாலாயினும், அது அடைத்த கதவு. கெட்டி அட்டைத் தொகுப்பின் விலை அக்கதவின் மற்றொரு தாழ்.

இதழைக் காப்பாற்றியது முதிர்ந்த வாசகரின் பற்றே என்பதை மறுக்க இயலாது. ‘அம்புலிமாமா’ 2010களில் நின்றுபோயிற்று. ராணி காமிக்ஸ் அதற்கு முன்பே நின்றது. சந்தா முறைக்கும் வண்ணத்திற்கும் மாறியிராவிடில் முத்துவும் லயனும் அவ்வழியே சென்றிருக்கக்கூடும். எனினும் புதிய வாசகரைப் பெறாத இதழ் தன் வாசகரின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொண்டிருக்கும்.

7. முடிவுரை

முத்து, லயன் இதழ்களின் மொழிபெயர்ப்பு நடையைப் பற்றி இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன:

பெயர்களிலும் தலைப்புகளிலும் இவ்விதழ்கள் தமிழ் மரபைத் திறம்படப் பயன்படுத்தியுள்ளன. ‘வேதாளர்’ போன்ற ஆக்கங்கள் மொழிபெயர்ப்பு வகுப்பறைக்கு உரியவை. பேச்சுக் குமிழ்களில் எழுத்து வழக்கை மேற்கொண்டது குரல்வேறுபாட்டை மழுக்கியது; ஆயினும் வட்டார எல்லைகளைக் கடந்த வாசிப்பிற்கு வழிவகுத்தது. இவ்விரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும். முன்னிலைப் பெயர்களில் ஆங்கில வழிப் பெயர்ப்பு ஈடுசெய்ய முடியாத இழப்பைத் தருகிறது; இதற்கு மூலமொழி ஒப்பீடு ஒன்றே தீர்வு. ஒலிக்குறிப்பிலும் தொடரமைப்பிலும் தோன்றிய புதுமைகள் தமிழ் நடை வரலாற்றில் பதிவு பெறத் தக்கவை.

இவற்றின் அடிப்படையில் செய்யத்தக்க பணிகள் இரண்டு. ஒன்று, 1972 முதல் வெளிவந்த இதழ்களின் குமிழ் உரைகளைத் தொகுத்து ஒரு மொழித்தரவாக்குதல். பேச்சும் எழுத்தும் கலந்த நடை அரை நூற்றாண்டில் எவ்வாறு மாறியது என்பதைக் காட்டும் தொடர்ச்சியான சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மற்றொன்று, குறைந்த விலையில், எளிய எழுத்து வழக்கில், ஒலிக்குறிப்பு முழுவதும் தமிழாக்கப்பட்ட சில பழைய கதைகளை எல்லையோரப் பள்ளிகளின் தமிழ் வாசிப்பிற்கெனத் தருதல். திராவிட மொழிகளின் ஒப்பாய்வுக்கென 1997இல் குப்பத்தில் தொடங்கப்பெற்ற திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள் தமிழ், தெலுங்கு ஆகிய இரு வடிவங்களையும் அருகருகே வைத்து இப்பணியை ஆராய்வதற்கு ஏற்ற இடத்தில் உள்ளன. இரும்புக் கையை மட்டும் விட்டு மறைந்த நாயகனைப் படத்தில் கண்டு, அருகிலுள்ள சொல்லைக் கூட்டிப் படிக்க முயலும் சிறுவர்க்கு அச்சொல் விளங்க வேண்டும். சித்திரக்கதை மொழிபெயர்ப்பின் வெற்றிக்கு அதுவே இறுதி உரைகல்.